சாவி யாரிடம் இருக்கும்? பூட்டிக் கிடக்கும் பூங்கா ரேடியோ ரூமை விளையாட்டுக் கூடமாக்க ஒரு முழு வழிகாட்டி

பழைய நகராட்சிப் பூங்கா ஏதாவது ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். நடுவிலோ ஓரத்திலோ பூட்டிய அறை ஒன்று நிற்கும். முன்னால் சின்னத் தாழ்வாரம், மேலே ஒலிபெருக்கி மாட்டியிருந்த இரும்புக் கம்பி, கதவில் துருப்பிடித்த பூட்டு. சில ஊர்களில் அந்தப் பூங்காவின் பெயரே ரேடியோ பார்க்தான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் உடைந்த சறுக்குமரம், கொசு மருந்து டிரம், போன தேர்தலின் தட்டிகள். அறை என்னவோ இன்னும் திடமாகத்தான் இருக்கும்.

இந்த அறைகளுக்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். மூன்று வருடத்தில் கையில் காசு தீர்ந்தது. ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ வைத்திருக்க வசதி இல்லாதவர்கள் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது, அடுத்த வருடமே திருச்சி நிலையம். மற்ற ஊர்களும் பூங்காவில் ஓர் அறை கட்டி, உள்ளே ரேடியோவை வைத்து, குழாய் ஒலிபெருக்கியை வெளியே திருப்பிவிட்டன. அப்புறம் டிரான்சிஸ்டர் வீட்டுக்கு வந்தது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைக்குத் தொலைக்காட்சியும் வந்தது. அறைக்கு வேலை போய்விட்டது.

இதைக் கவனியுங்கள். கட்டடம் பழுதானதால் பூட்டவில்லை, வேலை இல்லாமல் போனதால் பூட்டினார்கள். பழுதெல்லாம் பூட்டிய பிறகு வந்தது. அதனால் சிமென்ட்டையும் பெயின்ட்டையும் மட்டும் நம்பி இறங்கினால் புதுப் பெயின்ட் அடித்த பூட்டிய அறைதான் மிஞ்சும்.

இந்த அறையை என்னவாக மாற்றலாம் என்று என்னைக் கேட்டால், ‘ரேடியோ காலத்து மாலை’ என்பேன். ஓரமாக ஒரு ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருக்கும், தாழ்வாரத்தில் ஆடுபுலியும் பல்லாங்குழியும் நடக்கும், உள்ளே ஒரு கேரம் போர்டு. கருப்பொருளை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம், கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. டைனோசர் பொம்மையும் விண்வெளி ஓவியமும் வைத்த இடங்கள் திறந்த மாதம் கூட்டமாக இருந்து, அடுத்த வருடம் காலியாவதைப் பார்த்திருக்கிறேன். பொம்மையை ஒருமுறை பார்த்துவிட்டால் தீர்ந்தது. தாயத்தில் தோற்றவர் மறுநாள் வருவார்.

முதலில் சாவி

வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வேண்டும்: தினமும் மாலை இந்தக் கதவைத் திறப்பது யார், இரவு பூட்டுவது யார்? “சங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்வது பதில் ஆகாது. திங்கட்கிழமை நாலரை மணிக்கு யார் கையில் சாவி இருக்கும்?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பூங்காவில் எப்போதும் இருப்பவர்: காவலாளி, தோட்ட வேலை செய்பவர், வாசலில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா, யாரானாலும் சரி. இன்னொருவர் காலையிலோ மாலையிலோ தவறாமல் நடக்க வருபவர், கொஞ்சம் பிடிவாதக்காரராக இருந்தால் நல்லது. இந்த இருவரும் கிடைக்கும்வரை ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். மூன்று மாதம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஊர் இதற்கு இன்னும் தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, காகிதம்

பூங்காவில் இருப்பது பொதுச் சொத்து. நல்லெண்ணத்தோடு நீங்களாகவே பூட்டை உடைத்துச் சுத்தம் செய்தாலும் அது அத்துமீறல்தான். நகராட்சியிலோ பேரூராட்சியிலோ அந்தக் கட்டடம் சொத்துப் பதிவேட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சில சமயம் ‘இடிக்க வேண்டியது’ என்று எழுதி வைத்திருப்பார்கள். அது தெரியாமல் கூரை போட்டால் பணம் மண்ணாகும்.

தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பூங்காவாக ஒதுக்கிய இடத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக்கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே மனுவில் ‘கஃபே’, ‘கடை’, ‘வாடகை’ போன்ற சொற்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் இலவசமாக விளையாடவும் வானொலி கேட்கவும் பழைய ரேடியோ அறையைச் சீரமைத்தல் என்று எழுதுங்கள். உண்மையும் அதுதானே.

வார்டு கவுன்சிலரைப் பார்ப்பது, பகுதி சபைக் கூட்டத்தில் பேசுவது, பிறகு மன்றத் தீர்மானம் என்ற வரிசையில் போங்கள். வாய்மொழி அனுமதி போதாது. இன்று தலையசைத்த அதிகாரி ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போவார், வருகிறவர் “நீங்கள் யார்?” என்று கேட்பார். மின் கட்டணம் யார் கட்டுவது, சாவி யாரிடம், எத்தனை மணிக்குத் திறப்பது ஆகிய மூன்றும் தீர்மானத்திலேயே இருக்கட்டும். பணத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தருகிற ஏற்பாடு அது.

ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள்

கட்டடத்தைச் சோதிக்க நல்ல நாள் மழை நாள். வெயிலில் எல்லாச் சுவரும் யோக்கியம். மழையில்தான் எங்கே ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, தரைக்குக் கீழிருந்து ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதெல்லாம் தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் ஈரத்தின் எல்லையைச் சுவரிலேயே கோடு போட்டு வையுங்கள்.

விரிசல் இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறி வைத்துத் தேதி எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து நுனி குறியைத் தாண்டியிருந்தால் விரிசல் இன்னும் நடக்கிறது, அஸ்திவாரத்தைப் பார்க்காமல் பூசி மறைக்கக்கூடாது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் வெட்டிவிட்டால் போதும் என்று மேஸ்திரி சொல்வார். போதாது. வேர் உள்ளே இருக்கும்வரை அது திரும்ப வரும், வரும்போது செங்கல்லையும் பிளக்கும். அந்த இடத்தைப் பிரித்து வேரை எடுத்துவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும்.

கூரை எந்த வகை என்று பார்ப்பதும் இப்போதுதான். பழைய அறைகளில் மெட்ராஸ் தளம் இருக்கலாம்: தேக்கு உத்திரம், அதன் மேல் கட்டைகள், அவற்றின் மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் கோத்து, மேலே செங்கல் ஜல்லி போட்டுத் தட்டி, கடைசியாகத் தட்டோடு பதித்தது. இதில் முதலில் கெடுவது கட்டையின் நடுப்பகுதி இல்லை, சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே மெத்தென்று இறங்கினால் கரையானோ உளுத்தலோ வேலையைக் காட்டிவிட்டது. பிற்காலத்து கான்கிரீட் கூரை என்றால் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்று கேட்கிற இடம் சரி, ‘பொத்’ என்று கேட்கிற இடத்தில் உள்கம்பி துருப்பிடித்து கான்கிரீட் விட்டுவிட்டது. கம்பி பாதி தின்றுபோயிருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் மேற்கொண்டு போகக்கூடாது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து முழு ஷீட்டாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

கூரையும் சுவரும்

கையில் 100 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் 40 ரூபாய் கூரைக்கும் ஈரத்துக்கும், 20 கழிப்பறைக்கும் சாய்தளத்துக்கும், 15 மின்சாரத்துக்கு. விளையாட்டுப் பொருளும் அலங்காரமும் சேர்ந்து 10. மிச்சம் 15ஐ முதல் வருடம் நடத்துவதற்கு ஒதுக்குங்கள். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது, சுவர் ஓவியம்தானே போட்டோவில் விழுகிறது.

கூரை வேலை ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு தை, மாசியில் நன்றாக அமையும். சித்திரை வெயிலில் பூசினால் சீக்கிரம் காய்ந்து மயிரிழை விரிசல் விடும்.

சுவர் பழைய சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதா என்று தெரிந்துகொள்ள ஓர் ஓரத்தைச் சுரண்டினால் போதும். வெள்ளையாகப் பொடிந்து வந்தால் சுண்ணாம்பு. அந்தச் சுவர் மேல் சிமென்ட் பூசாதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். நாங்கள் சீரமைத்த ரேடியோ அறையில் ‘உறுதியாக இருக்கும்’ என்று சிமென்ட் பூச்சும் அதன் மேல் எமல்ஷனும் அடித்தோம். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் இரண்டாவது மழையில் பெயின்ட் அப்பளம்போல் உப்பி, பூச்சோடு சேர்ந்து விழுந்தது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச முதல் செலவைவிட அதிகம் ஆனது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஈரம் ஏறும் அடிப்பகுதியில் கொஞ்சம் செங்கல் தூள், கலக்குவதற்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். இந்தக் கணக்கு தெரிந்த வயதான கொத்தனார் ஊரில் ஒருவராவது இருப்பார், தேடிப் பிடியுங்கள். பூசிய பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும். கற்சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

மேலே வெள்ளை அடித்தால் போதும். ஓவியம் வேண்டும் என்றால் உள்ளே ஒரே ஒரு சுவரில்: இந்த ஊருக்கு ரேடியோ வந்த கதை. மீதிச் சுவர்கள் வெறுமையாக இருக்கட்டும்.

மின்சாரமும் ரேடியோவும்

பழைய மரப்பட்டை வயரிங்கில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். எர்த் புதிதாகப் போட்டு, மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் (30 மில்லி ஆம்பியரில் விழுவது) வையுங்கள். ஈரச் சுவரும் குழந்தைகளும் இருக்கிற இடம் இது. இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தால் மின்வாரியத்தில் பழைய பாக்கி நிற்கும், அதை நகராட்சியைக் கொண்டு முடிக்க நாள் பிடிக்கும். கூரை வேலை தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

ரேடியோவுக்கு வருவோம். யாராவது ஒருவர் பரணிலிருந்து பழைய வால்வ் ரேடியோ கொண்டுவந்து கொடுப்பார், அறைக்கே களை வந்துவிடும். ஆசையில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கண்டென்சர்கள் காய்ந்துபோயிருக்கும், நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், ஏசி டிசி இரண்டிலும் ஓடும் சில செட்டுகளில் உலோக அடித்தட்டே மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். தொட்டால் ஷாக். அதைக் கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோவைப் பாட விடுங்கள். பழைய பெட்டி காலியாகக் கிடைத்தால் புது ரேடியோவை அதற்குள்ளேயே வைக்கலாம்.

மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், கேட்கலாம் என்று நினைத்தால் (சென்னை 720, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ்) ஒரு விஷயம்: மலிவான எல்இடி விளக்குகளுக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் ‘டிரைவர்’ சுற்று மத்திய அலையில் ‘கொர்ர்’ என்று இரையும். விளக்கு வாங்கும் முன் ஒரு சின்ன ரேடியோவைக் கடைக்கே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. எஃப்எம் போதும் என்றால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

ஒலி தாழ்வாரத்தைத் தாண்டக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலுக்கு மேல் சத்தம் போகக்கூடாது என்பது விதி, இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது. மேலே இருக்கும் பழைய குழாய் ஒலிபெருக்கியைத் துருவெடுத்து, வண்ணமடித்து, வயர் இல்லாமல் மாட்டி வையுங்கள், அடையாளத்துக்கு. பென்டிரைவில் பாட்டுப் போடலாமே என்று யாராவது தொடங்குவார்கள். பதிவு செய்த பாடல்களைப் பொது இடத்தில் ஒலிக்க உரிமம் என்ற சிக்கல் இருக்கிறது. அதோடு, யாருக்குப் பிடித்த பாட்டு என்று சண்டையும் வரும். வானொலியில் என்ன வருகிறதோ அதைக் கேட்பதில் ஒரு நிம்மதி.

விளையாட்டுகளைக் கல்லில் வெட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பொது இடத்து விளையாட்டுச் சாமான் எத்தனை நாள் இருக்கும்? கேரம் காய் ஒரு மாதம், செஸ் ராணி ஒரு வாரம். அப்படியானால் திருட முடியாததாகச் செய்துவிட்டால் என்ன? பழைய கோயில்களின் கல் தரையைக் கவனித்திருக்கிறீர்களா? மண்டபத்து ஓரங்களில் ஆடுபுலிக் கட்டங்கள் செதுக்கியிருக்கும். அதே வழிதான். தாழ்வாரத்துத் திண்ணையில் கடப்பா கல்லோ கருங்கல்லோ பதித்து, கட்டத்தை அதிலேயே வெட்டிவிடுங்கள். இதற்குப் பெரிய சிற்பி தேவையில்லை, அம்மி கொத்துகிறவர் அரை நாளில் முடிப்பார். அவருக்கும் இப்போது வேலை குறைவு.

ஆடுபுலிக்கு முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் வெட்டும் இடங்கள் 23 வர வேண்டும். புலி 3, ஆடு 15. கோடு ஒன்று தவறினாலும் ஆட்டம் கெடும், எனவே முதலில் சுண்ணாம்புக் கட்டியில் வரைந்து, தெரிந்த பெரியவர் இருவரை ஒரு முழு ஆட்டம் ஆடச் சொல்லிவிட்டுப் பிறகு உளி வையுங்கள். பல்லாங்குழிக்கு வரிசைக்கு 7 என்று 14 குழி. நனையாத இடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்குப் பிறகு குழியெல்லாம் கொசு வளர்ப்பு. தாயக்கட்டம் தரையில் சிவப்பு ஆக்சைடோடு சேர்த்தே போடலாம்.

காய்களுக்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். தொலைந்தால் ஒரு கைப்பிடி கொண்டுவந்து போட்டுவிடலாம். தாயக்கட்டை இல்லாத நாளில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டுவது நம் பாட்டிகளின் வழி. குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, பல்லாங்குழிக்குப் பொருத்தம், ஆனால் கடித்து விழுங்கினால் கடும் விஷம். சின்னப் பிள்ளைகள் வருகிற இடம்.

கேரம் ஒன்றைத்தான் பூட்டி வைக்க வேண்டியிருக்கும். ஆனாலும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர், 2024இல் அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைதான். ஒரு நல்ல போர்டுக்குச் சுற்றிலும் 7 அடிக்கு 7 அடி இடமும், நடுவில் நேர் மேலே தாழத் தொங்கும் ஒரு விளக்கும் போதும். கடற்கரை ஊர் என்றால் இரவில் உறையில் போட்டு நிறுத்தி வையுங்கள், உப்புக்காற்றில் பலகை வளையும். பவுடர் சிந்திய தரை வழுக்கும், தினமும் துடைக்க வேண்டும்.

பெண்கள் வருவார்களா?

இதற்குப் பதில் விளையாட்டில் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது. தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வருகிற, வெளிச்சமுள்ள கழிப்பறை நடந்து போகிற தூரத்தில் இல்லை என்றால் ஐந்தரை மணிக்கு மேல் இது ஆண்கள் கூடமாகிவிடும். பூங்காவில் ஏற்கெனவே இருப்பதைச் சரிசெய்வதே மலிவு. சக்கர நாற்காலியும் முதியவர்களும் ஏற 1க்கு 12 என்ற சரிவில் சாய்தளம் வேண்டும். படி உயரம் ஒன்றரை அடி என்றால் சாய்தளம் 18 அடி நீளம் போகும், இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். கதவில் 3 அடி வழி.

சீட்டாட்டம் பற்றியும் தெளிவாக இருங்கள். “காசு வைக்காமல்தான்” என்று தொடங்கும் சீட்டு இரண்டு வாரத்தில் காசுக்கு மாறும், மற்றவர்கள் வருவது நிற்கும், பிறகு போலீஸ். சீட்டு கிடையாது என்று வாசலில் எழுதிப் போடுங்கள். நான் சில நண்பர்களை இதனால் இழந்தேன், வருத்தமில்லை.

திறந்த பிறகு

திறப்பு விழாவை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். முதலில் சும்மா திறங்கள், மாலை நாலரை முதல் எட்டு வரை. ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி: எத்தனை பேர் வந்தார்கள், எது உடைந்தது. எந்தக் கட்டத்தில் ஆள் உட்காரவே இல்லை என்பதும் அதில் தெரிந்துவிடும். எங்களுக்குத் தாயக்கட்டம் ஈயடித்தது. வெயில் சாயும் பக்கத்தில் போட்டிருந்தோம், ஆறு மணிவரை தரை சுட்டது. ஒரு மூங்கில் தட்டி கட்டியதும் சரியாகிவிட்டது. சனிக்கிழமைகளில் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கு ஆடுபுலி சொல்லிக் கொடுக்கட்டும். கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்த வாரம் இன்னொன்றைக் கூட்டி வரும்.

மழைக்கு முன் கூரைக் குழாயில் அடைத்த இலையை எடுப்பது, வருடம் ஒருமுறை வெள்ளை அடிப்பது, ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது. அதே நாளில் பூட்டிலும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறிச் சாவி திரும்பாது.